முப்பத்தொன்பதாவது சீட்டு

கதிரேசனுக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய ஆய்வு வழிகாட்டி ஜெசிந்தாவுக்கு முப்பத்துமூன்று. பதினெட்டு ஆண்டு ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்திவிட்டு, முனைவர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் கதிரேசன். துறையில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தன்னைவிடச் சின்னவரிடம் போய் எதையும் கேட்டுக் கற்றவர் இல்லை.

அவர் 'மேடம்' என்பார். ஜெசிந்தா 'சார்' என்பார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

கதிரேசனின் ஆய்வு, விடுபட்ட தரவுகளைப் பற்றியது. ஒரு கணக்கெடுப்பில் சிலர் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வெற்றுக் கட்டங்களை, வந்த பதில்களைக் கொண்டு எப்படி நிரப்புவது?

"மேடம், பதில் வராத கட்டத்தை எதை வச்சு நிரப்பறது சரி?"

இரண்டு ஆண்டாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்றேன் சார்" என்பார் ஜெசிந்தா. சொன்னதில்லை.

அந்த ஆண்டு முதலாமாண்டு எம்.எஸ்சி. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். செய்முறைத் தாளுக்கு 'ஆர்' என்ற மென்பொருள் வேண்டும். எண்களை வாங்கிக் கணக்குப் போட்டு வரைபடமும் வரைந்து தரும், இலவசம். அவரவர் லேப்டாப்பில் அதை நிறுவிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் தேர்வு. அந்த வகுப்புக்குப் பாடமும் எடுத்துவந்த கதிரேசனிடம் ஜெசிந்தா அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்.

கதிரேசன் அரைகுறையாக எதையும் செய்கிறவர் இல்லை. பதினான்கு பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்தார். பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்குப் படம் அம்புக்குறி. கூடவே ஓர் ஆன்லைன் படிவம். 'மென்பொருளை நிறுவிவிட்டீர்களா? ஆம் / இல்லை.' யாரும் ஏமாற்றக் கூடாது என்று, மென்பொருள் திறந்திருக்கும் திரையைப் படம் எடுத்து இணைக்கவும் சொல்லியிருந்தார். படிவம் அனுப்பாதவருக்குத் தேர்வில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெசிந்தாவின் அறைக்கு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"முடிஞ்சுது மேடம். முப்பத்தேழு பதில். முப்பத்தேழும் 'ஆம்'."

"முப்பத்தெட்டுப் பேர்ல?"

"ஒண்ணு வரலை. இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு."

"என்னவாம்?"

"அலட்சியம்தான் மேடம், வேற என்ன? வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புலகூட நேத்து போட்டேன். 'முப்பத்தேழு பேர் முடித்துவிட்டார்கள். பாக்கி ஒருவர். அது யார் என்று அவருக்கே தெரியும்'னு."

ஜெசிந்தா தன் மேசை இழுப்பறையை ஒருமுறை பார்த்தார்.

"புள்ளியியல்படி பார்த்தா அதுகூடப் பிரச்சினை இல்லை மேடம். முப்பத்தேழும் ஒரே பதில். விடுபட்ட அந்த ஒரு கட்டத்தையும் 'ஆம்'னே நிரப்பிடலாம். வாயைத் திறக்கலைன்னாலும் அவளும் போட்டிருப்பா."

"அப்படியா சார்?"

"என் மூணாவது அத்தியாயமே அதுதானே மேடம்."

ஜெசிந்தா தன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். எதையோ தேடினார், அழுத்தினார். 'நீக்கவா?' என்று திரை கேட்டது. 'ஆம்' என்றார். ஒரு பச்சைக் கோடு மெல்ல ஓடி முடிந்தது.

கதிரேசன் எட்டிப் பார்த்தார். "மேடம், 'ஆர்'ஐ எடுத்துட்டீங்களா? உங்க கட்டுரை எல்லாம் அதுலதானே ஓடுது?"

"கட்டுரை இருக்கும் சார். அதை ஓட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை இப்ப." திரையைத் திருப்பினார். "இப்ப நானும் உங்க மாணவி. என்கிட்ட மென்பொருள் இல்லை. உங்க படிவத்தை நிரப்பப் போறேன். சொல்லுங்க."

"இதுல என்ன மேடம் இருக்கு. 'இல்லை'ன்னு போடுங்க."

"போட்டாச்சு."

"'அனுப்பு'ன்னு அழுத்துங்க."

ஜெசிந்தா அழுத்தினார். படிவம் நகரவில்லை. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: 'மென்பொருள் திறந்திருக்கும் திரையின் படத்தை இணைக்கவும். இது கட்டாயம்.'

"எந்தப் படத்தை இணைக்கட்டும் சார்?"

கதிரேசன் மேசையில் கை ஊன்றிக் குனிந்து அந்தச் சிவப்பு வரியைப் படித்தார். அது அவர் எழுதிய வரி. இன்னொரு தடவை படித்தார்.

ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன் வைத்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய விண்ணப்பம். பெயர், இசக்கியம்மாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று இருந்தது. கீழே வகுப்பு ஆலோசகர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த வகுப்புக்கு ஆலோசகர் ஜெசிந்தாதான்.

"நேத்து சாயங்காலம் கொடுத்தா. நாலு மணி இருக்கும்."

கதிரேசனின் குறுஞ்செய்தி குரூப்பில் வந்தது மூன்றரைக்கு.

"கையெழுத்துப் போடப் போறீங்களா மேடம்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

கதிரேசன் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார். "உங்க லேப்டாப்புல நாளைக்குத் திரும்பப் போட்டுத் தந்துடறேன் மேடம்."

"அவசரம் இல்லை சார். நீங்களே போட்டுக் கொடுங்க" என்றார் ஜெசிந்தா.

கணினி ஆய்வகத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் எப்போதும் ஐம்பது அறுபது செருப்பு கிடக்கும். அதற்குப் பக்கத்தில் குடிதண்ணீர் இயந்திரம். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் லேப்டாப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள் இசக்கி. பேட்டரி செத்துப்போன லேப்டாப். சுவரை விட்டு நகர்ந்தால் அணைந்துவிடும்.

"இங்க ஏம்மா உட்கார்ந்திருக்க?"

அவள் எழுந்து நின்றாள். "பிளக்கு இங்கதான சார் இருக்கு."

"உட்காரு, உட்காரு. டி.சி. கேட்டிருக்கியாமே?"

"ஆமா சார்."

"பாடம் பிடிக்கலையா?"

"பாடத்துல ஒண்ணும் இல்ல சார். முப்பத்தேழு பேருக்கு வந்துட்டு. எனக்கு மட்டும் வரல. அப்ப கோளாறு எங்கிட்டதான? நீங்கதான வகுப்புல சொன்னீய, எண்ணிக்கை பெருசா இருந்தா முடிவை நம்பலாம்னு."

கதிரேசன் வேட்டி கட்டிய ஆள் இல்லை. பேண்ட்டை முழங்காலருகே சற்று இழுத்துவிட்டுக்கொண்டு செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆய்வகத்துக்குள் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க நிக்குது, காட்டு."

"உங்க ஆறாம் பக்கம் சார். 'நெக்ஸ்ட் என்பதை அழுத்தவும்'னு போட்டிருக்கு. அம்புக்குறிகூடப் போட்டிருக்கீய. எனக்கு நெக்ஸ்ட்டே வரல சார். இதுதான் வருது."

திரையில் ஒரு சின்னப் பெட்டி. இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரு வரி. கீழே ஒரே ஒரு பொத்தான், 'ஓகே'.

"இது ஓடாதுன்னு அதுவே சொல்லுது. சொல்லிட்டு எங்கிட்ட ஓகேவான்னும் கேக்கு. நான் என்னத்தச் சொல்ல?"

கதிரேசனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்திருப்பாள், சிரிக்கிற நிலையில் இருந்திருந்தால்.

"எத்தனை நாளா?"

"எட்டு நாளா. ஏழு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டாச்சு. நீங்க போடும்போது இது வந்துச்சா சார்?"

கதிரேசன் அந்தப் பெட்டியை அன்றுதான் முதலில் பார்த்தார். அவருடைய லேப்டாப்பில் அந்த மென்பொருள் எப்போதும் இருந்தது. பழைய கல்லூரியில் கணினித் துறை நண்பர் ஒருவர் போட்டுக் கொடுத்தது. பதினான்கு பக்கமும், அவர் இணையத்தில் பிறர் எழுதியதைப் பார்த்து, படங்களையும் அங்கிருந்தே எடுத்து, அம்புக்குறியை மட்டும் தானே போட்டுத் தயாரித்தது.

"பார்த்துட்டுச் சொல்றேம்மா."

"எல்லாரும் அதத்தான் சார் சொல்லுதாவ" என்றாள் இசக்கி. குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"படிவத்துல போட்டுப் பார்த்தியா?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். படிவம் திறந்தே இருந்தது. 'இல்லை' என்பதில் புள்ளி வைத்திருந்தது. கீழே அந்தச் சிவப்பு வரி.

"பதினோரு தடவை அழுத்தியாச்சு. படம் தாரேன்னு ரெண்டு பேரு சொன்னாளுவ. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"பரீட்சையில எம்பக்கத்துல அந்தப் படமா சார் வந்து உக்காரும்?"

கதிரேசன் எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. முப்பத்தேழு படங்களையும் முதல் தடவையாகத் திறந்து பார்த்தார். அதுவரை அவர் எண்ணியது பதில்களைத்தான், படத்தைப் பார்க்கவில்லை. படத்தின் வலது மூலையில் மணி தெரியும். ஒன்பது படத்தில் மணி 11:42. ஏழு படத்தில் 3:05. ஒன்பதும் ஒரே படம். ஏழும் ஒரே படம். படத்தை எடுத்த இருவரை விட்டால் மீதிப் பேர் வைத்தது இரவல் படம்.

மூன்று மணிக்கு ஜெசிந்தாவின் அறைக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது.

"பதினாலு பேர் மேடம். பதினாலு பேர் அடுத்தவன் படத்தை வச்சு ஏமாத்தியிருக்காங்க. கடிகாரத்தை வச்சுப் பிடிச்சேன்."

"நல்லாப் பிடிச்சிருக்கீங்க சார்."

"விடக் கூடாது மேடம். பொய் சொன்னவன் பேரு இதுல இருக்கு."

"சரி. உண்மை சொன்னவங்க பேரு?"

"அது மீதி இருபத்திமூணு பேர்."

"அதுக்கும் ஒரு பட்டியல் எழுதுங்களேன்."

கதிரேசன் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஜெசிந்தா காத்திருந்தார். கட்டுரைக்கு வேண்டிய கூட்டல் பெருக்கலைக் கால்குலேட்டரில் தட்டித் தட்டித் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். லேப்டாப் மூடியிருந்தது.

"எழுதிட்டேன் மேடம்."

"இசக்கி எதுல இருக்கா?"

கதிரேசன் முதல் பட்டியலைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார். முப்பத்தேழு.

"ரெண்டிலயும் இல்லையே மேடம்."

"தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா மறுபடி கால்குலேட்டரைத் தட்டத் தொடங்கினார்.

கதிரேசன் வெகுநேரம் அந்த இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

வியாழக்கிழமை முதல் வகுப்பு அவருடையது. கையில் தன் பதினான்கு பக்கக் கையேட்டோடு வந்தார். பாடம் எடுக்கவில்லை. வருகைப் பதிவும் எடுக்கவில்லை. கையேட்டிலிருந்து ஆறாம் பக்கத்தை உருவினார். அதற்கடுத்து ஏழும் எட்டும். மூன்றையும் மேசை விளிம்பில் வைத்துக் கிழித்தார். கிழிக்கிற சத்தத்தில் வகுப்பு அடங்கியது.

"ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டு அனுப்புங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்கும். பேர் வேணாம். நம்பர் வேணாம். உங்க லேப்டாப்புல 'ஆர்'ஐ உங்க கையாலே போட்டாச்சா? ஆம், இல்லை. அவ்வளவுதான்."

முன்வரிசையில் ஒருவன் கேட்டான். "படம் வைக்கணுமா சார்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"வேணாம்ப்பா" என்றார் கதிரேசன்.

சாக்பீஸ் டப்பாவைச் சுற்றிவிட்டார். டப்பா பெஞ்சு பெஞ்சாகப் போய்த் திரும்பி வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி ஒரு நிமிடம் ஏதோ செய்தார். பிறகு டப்பாவைக் குலுக்கினார். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, கரும்பலகையில் கோடு போட்டார்.

ஆம். ஆம். இல்லை. ஆம். இல்லை. இல்லை.

மூன்றாவது 'இல்லை'க்கு வகுப்பில் தலைகள் திரும்பின. யார் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஐந்தாவதுக்கு ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, நீயுமா?" என்றாள். "பின்ன?" என்றாள் அவள். எட்டாவதுக்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. கரும்பலகையை மட்டும் பார்த்தார்கள். 'இல்லை' பக்கத்துக் கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டு கட்டிக்கொண்டு வளர்ந்தன.

கடைசி பெஞ்சில் சுவரோரம் இசக்கி உட்கார்ந்திருந்தாள். முதலில் கைகட்டி உட்கார்ந்திருந்தவள், பத்தாவது கோடு விழுந்தபோது முன்னால் நகர்ந்து பெஞ்சு விளிம்புக்கு வந்துவிட்டாள்.

டப்பா காலியானதும் கதிரேசன் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"ஆறாம் பக்கத்துல சின்னப் பெட்டி வந்து நின்னுபோச்சா, யாருக்காவது?"

இசக்கி கையைத் தூக்கினாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு கை. பிறகு நாலு கை.

இரண்டாவதாகக் கை தூக்கியவன் எழுந்தான். "மெஷின் பழசு சார். அதான் புதுப் பதிப்பு ஏறலை. பழைய பதிப்பும் அதே தளத்துல கீழ கிடக்கு. நேத்து ராத்திரிதான் பார்த்தேன். ஏறுமா, ஏறாதான்னு தெரியலை. ஒருவேளை நான் மட்டும்தான் இன்னும் போடலைன்னு ஆயிடுமோன்னு யார்கிட்டயும் சொல்லலை."

"இப்ப போட்டுப் பாரேன்" என்றாள் இசக்கி, கடைசி பெஞ்சிலிருந்து. "எனக்கும் சேத்து."

"உன் லேப்டாப்புக்குப் பிளக் வேணுமே."

"வாரேன். நீ நகரு."

வகுப்பு முடிகிற மணி அடித்தும் யாரும் எழவில்லை. கதிரேசன்தான் முதலில் வெளியே போனார்.

அன்று மாலை அவர் ஜெசிந்தாவின் அறைக்குள் வந்தபோது, கண் முதலில் மேசைக்குத்தான் போனது. விண்ணப்பம் அங்கே இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா மேடம்?"

"இல்லை சார். இசக்கி வந்து திரும்ப வாங்கிட்டுப் போயிட்டா."

கதிரேசன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னா?"

"பின்பக்கம் காலியா இருக்கு, கணக்குப் போட ஆகும்னா."

"அவ மெஷின்ல ஏறிடுச்சா?"

"கேட்கலை. தேர்வை அடுத்த வெள்ளிக்குத் தள்ளியிருக்கேன். நேரம் இருக்கு."

வெளியே யாரோ தண்ணீர் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கியது யார் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பதினாலு பேர் பட்டியல் என்ன ஆச்சு சார்?"

"சட்டைப் பையில இருந்துச்சு மேடம். வீட்டுல துவைக்கப் போட்டுட்டாங்க."

"ஓ."

"எடுக்கணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

"சரி சார்."

சீட்டுகளைத் திரும்பப் போட்டு வைத்திருந்த சாக்பீஸ் டப்பாவைக் கதிரேசன் மேசை மேல் வைத்தார். ஜெசிந்தா சீட்டுகளைக் கொட்டி, பிரித்துப் பிரித்து இரண்டு குவியலாக வைத்தார். ஆம், இருபத்திமூன்று. இல்லை, பதினாறு. ஒரு நிமிடம் நிறுத்தி, 'இல்லை' குவியலை மட்டும் மறுபடி எண்ணினார்.

"முப்பத்தொன்பது வருது சார். வகுப்புல முப்பத்தெட்டுப் பேர்தானே?"

கதிரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாறு 'இல்லை'களில் பதினைந்து நீல மையில் இருந்தன. ஒன்று மட்டும் சிவப்பு. முதலாமாண்டு மாணவர் யாரும் சிவப்புப் பேனா வைத்துக்கொள்வதில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள். கதிரேசனின் சட்டைப் பையில் ஒன்று செருகியிருந்தது.

ஜெசிந்தா அந்தச் சீட்டைத் தனியே எடுக்கவில்லை. மற்ற பதினைந்தோடு சேர்த்தே வைத்து, டப்பாவில் போட்டு மூடினார்.

"முதல் கணக்குல ஒருத்தர் விடுபட்டுட்டார் மேடம்" என்றார் கதிரேசன்.

ஜெசிந்தா தன் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். செவ்வாய்க்கிழமை 'ஆர்'ஐ எடுத்தது எடுத்தபடியே இருந்தது. பிறகு எழுந்து, இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கையேடு கொண்டுவந்திருக்கீங்களா சார்?"

"இருக்கு மேடம். ஆனா ஆறாம் பக்கத்தைக் கிழிச்சுட்டேன்."

"அங்க போனதும் நாமளே எழுதிக்கலாம். முதல் பக்கத்தை எடுங்க. நான் வாசிக்கிறேன், நீங்க அழுத்துங்க."